தரங்கம்பாடியைத் துணியில் அச்சிட: கைக்குட்டை முதல் பை வரை

நான் தைத்த முதல் பையில் படகு கவிழ்ந்துவிட்டது. முன்பக்கம் நான்கு படகுகள் ஒழுங்காக நின்றன, பின்பக்கம் நான்கும் தலைகீழ். அடியில் தையல் வேண்டாமே என்று ஒரே நீளத் துணியை மடித்துத் தைத்ததால் வந்த வினை. தரங்கம்பாடியில் இருக்கும் அத்தையிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “படகைக் கவுத்துப் போட்டு யாராவது பை தைப்பாங்களாம்மா?” என்றார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஊரில் இருந்தவர் அவர். நான் பையை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

நான் இருப்பது பெங்களூர் அல்சூரில். எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்து “கடலோர டிசைன்” என்று வரைய ஆரம்பித்தால் கை தானாக எங்கே போகும் தெரியுமா? நங்கூரம், கப்பல் சக்கரம், நட்சத்திர மீன், நீல வெள்ளைக் கோடு. இவற்றில் எதையும் நான் அத்தை வீட்டுத் தெருவில் பார்த்ததில்லை. அந்தப் படங்களை வைத்துப் பை தைத்தால் அது எந்த ஊர்ப் பையும் ஆகலாம், நம் ஊர்ப் பை ஆகாது. அதனால் கடலை விட்டுவிட்டு ஊரை வரையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான். நான் எடுத்துக்கொண்டது தரங்கம்பாடி. நீங்கள் நாகூரையோ குளச்சலையோ எடுத்துக்கொள்ளலாம், வேலை ஒன்றுதான்.

1. முதலில் பொருளை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் முதலில் படம் வரைந்துவிட்டு அதை எதில் போடலாம் என்று தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், கவிழ்ந்த படகு அதன் விளைவு. பொருளின் அளவும் அது மடியும் விதமும் தெரியாமல் வரைந்தால், நல்ல படம் மடிப்புக்குள் போய்விடும்.

முதல் தொகுப்புக்கு மூன்று பொருள் போதும். கழுத்திலோ தலையிலோ கட்டும் சதுரக் கைக்குட்டை, துப்பட்டா போலப் போட்டுக்கொள்ளும் 70க்கு 200 செ.மீ. ஸ்டோல், தோளில் மாட்டும் துணிப்பை. மிச்சத் துணியில் ஜிப் வைத்த சின்னப் பை வரும், அதைத் தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை. குஷன் கவர், மேசை விரிப்பு எல்லாம் அப்புறம்.

2. ஊருக்குப் போய்ப் பொறுக்குங்கள்

மைசூரிலிருந்து வரும் இரவு ரயிலில் பெங்களூரில் ஏறினால் காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர். குறைந்தது இரண்டு விடியற்காலை ஊரில் இருக்கிற மாதிரி போங்கள். ஒரு நாளில் கிடைப்பது சுற்றுலாப் படம் மட்டும்தான்.

சுற்றுலாப் படம் என்றால் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை நாயக்கர் ரகுநாதரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டியது. மிளகும் பருத்தித் துணியும் வாங்க வந்தவர்கள், 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊருக்குள் நுழையும் வெள்ளை நுழைவாயில் 1792இல் கட்டியது. கடற்கரை ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306ஆம் ஆண்டு, குலசேகர பாண்டியன் காலம். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இவை எல்லாவற்றையும் படம் எடுங்கள், தவறில்லை. ஆனால் கோட்டையின் முழு உருவத்தை ஸ்டோலில் போட்டால் அது சுற்றுலாத் துறை காலண்டர் மாதிரி இருக்கும். எனக்குக் கோட்டையில் உதவியது ஒரு வளைவும், சுவரில் வெயில் விழும்போது வரும் நிறமும் மட்டும்தான்.

எனக்கு அதிகம் பயன்பட்டவை தரையிலும் திண்ணையிலும் கிடந்தவை. உலர்த்தப் போட்ட வலையில் சாய்சதுரமாக இழுபட்ட வலைக்கண்கள். வலையோரம் வரிசையாகக் கோத்த மிதவைகள். படகின் பக்கத்தில் பெயிண்டர் கையால் எழுதிய பெயர்கள், அதில் ஒரு ‘ழ’வுக்கு மட்டும் வால் ஒரு சாண் நீளம். கருவாடு காயும் பாய். நண்டுவளையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஈர மணல். ராஜ வீதிப் பக்கம் ஒரு பழைய ஜன்னலின் மரச்சட்டம், அதன் பச்சை உரிந்து அடியில் தெரியும் வேறொரு பச்சை. அப்புறம் அடம்பங்கொடி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படம் எடுக்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பேனாவையோ தீப்பெட்டியையோ வைத்து எடுங்கள். பெங்களூர் திரும்பிய பிறகு வலைக்கண் இரண்டு விரல் அகலமா நான்கு விரல் அகலமா என்று நினைவு சொல்லாது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து மரச்சட்டம், பாய், கயிறு ஆகியவற்றின் மேற்பரப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் வராத அழுத்தம் அதில் வரும்.

இரண்டு கட்டுப்பாடுகளை நானே வைத்துக்கொண்டேன். மனித முகத்தைத் துணியில் போடுவதில்லை. வலை பின்னுகிறவரின் கையைப் பார்த்து வரையலாம், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. இரண்டாவது, சாமி, கோபுரம், சிலுவை, பிறை எதையும் பையில் போடுவதில்லை. பை தரையில் வைக்கிற பொருள், பஸ்ஸில் காலடியில் கிடக்கும். வாங்குகிறவர் ஒன்றும் நினைக்காமல் இருக்கலாம், ஊரில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அலையைப் பற்றியும் இதே யோசனைதான். பேரலையை அலங்காரமாக வரைந்து அந்த ஊர்ப் பெயரில் விற்க எனக்குக் கை வரவில்லை.

3. நிறத்தை நான்கோடு நிறுத்துங்கள்

சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயத்தை அழுத்தும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி. அதனால் நிறம் கூடக் கூடச் செலவு கூடும். கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்து மெஷினே அச்சிடும் டிஜிட்டலில் அந்தக் கணக்கு இல்லை, எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம். இருந்தாலும் நான்கைத் தாண்டாதீர்கள் என்பேன்.

இந்தக் கரை அதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகளின் அடிப்படை நிறங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். கடற்கரை மணலில் விளைந்த சாயவேரும் படிகாரமும் சேர்ந்து சிவப்பு, இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலில் கறுப்பு, அவுரியில் நீலம், மஞ்சளுக்குத் தனிச் செடி. கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியில் இவ்வளவையும் வைத்தே ஐரோப்பாவை மயக்கினார்கள். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686இல் அந்தத் துணிகளுக்குத் தடையே போட்டது, இங்கிலாந்து அடுத்த சில பத்தாண்டுகளில் அதே வழிக்கு வந்தது. நாற்பது நிறம் வைத்துக்கொண்டும் நம் டிசைன் நிற்கவில்லை என்றால் குறை நிறத்தில் இல்லை.

நிறம் எடுப்பதற்கு நான் போட்டோவை நம்புவதில்லை. செல்போன் கேமரா கடலை இருப்பதைவிட நீலமாகக் காட்டும். தரங்கம்பாடிக் கடல் பெரும்பாலான நாட்களில் எனக்குச் சாம்பல் கலந்த பச்சையாகத்தான் தெரிந்தது, கரையருகே பால் விட்ட டீ நிறம். ஒரு பெட்டி நிறைய எம்பிராய்டரி நூல்கண்டு கொண்டுபோனேன். பொருளின் பக்கத்தில் நூலைப் பிடித்துப் பார்த்து, பொருந்துகிற கண்டின் எண்ணை நோட்டில் எழுதினேன். (நங்கூரத்துக்கு இந்த வேலையில் நான் கொடுத்த ஒரே இடம் அந்தப் பெயரில் வரும் ‘ஆங்கர்’ நூல்தான்.) நூலின் வசதி என்னவென்றால், அச்சுக்காரரிடம் “இந்த நிறம்” என்று கையில் கொடுக்கலாம். சர்வதேச நிற அட்டை வாங்க ஆகும் செலவில் பத்துப் பெட்டி நூல் வாங்கிவிடலாம்.

எனக்கு வந்த நான்கு: உரிந்த ஜன்னல் பச்சை, கோட்டைச் சுவரின் வெயில் மஞ்சள், அடம்பம்பூவின் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, வலைக்கயிற்றின் கருநீலம். துணியின் வெள்ளையை ஐந்தாவதாக எண்ணிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை. கருநீலத்தை மெல்லிய கோட்டுக்கு மட்டும் வைத்தேன். நான்கையும் சம அளவில் போட்டால் துணி பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி ஆகிவிடும். ஒன்று பாதிக்கு மேல் ஆளட்டும், ஒன்று எட்டிப்பார்த்தால் போதும்.

4. வரைவது: ஓர் இலையை எடுத்துக்கொள்வோம்

அடம்பங்கொடி மணலில் ஓடும் கொடி. இலை நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். ஊரில் ஆட்டுக்கால் என்பார்கள், சங்கப் பாடலில் மான் குளம்புக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு தெளிவான உருவம், இரண்டாயிரம் வருடமாக யாரும் அதைத் தவறவிடவில்லை. துணிக்கு இப்படிப்பட்ட உருவம்தான் வேண்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

முதலில் இலையை நரம்போடு அப்படியே பென்சிலில் வரையுங்கள். அடுத்த தாளில் நரம்பை விட்டு விளிம்பை மட்டும். மூன்றாவதில் பென்சிலே வேண்டாம், கறுப்புத் தாளைக் கத்தரியால் வெட்டுங்கள். கத்தரி வளைய மறுக்கும் இடங்கள் எல்லாம் தேவையில்லாத விவரம். நான் அப்படி வெட்டியதில் ஏழாவது துண்டு சரியாக வந்தது. பிளவு கொஞ்சம் ஆழமாக, ஒரு மடல் இன்னொன்றைவிடச் சற்றுப் பெரிதாக. இரண்டு மடலும் ஒரே அளவில் இருந்த ஆறு துண்டுகளும் இதயச் சின்னமாகப் போய்விட்டன, வாழ்த்து அட்டைக்குத்தான் லாயக்கு.

இலையை 4 செ.மீ., 2 செ.மீ., 1 செ.மீ. என்று மூன்று அளவில் பாருங்கள். 1 செ.மீ. அளவில் பிளவு அடைத்துக்கொண்டால் சின்ன இலைக்கென்று பிளவை அகலமாக்கித் தனியாக வரைய வேண்டும். சுருக்கினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு விட்டு விட்டு விழும் அல்லது பரவும், அதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

வலைக்கண், மிதவை, ‘ழ’வின் வால், ஜன்னல் வளைவு எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். ஐந்தாறு உருவம் கைக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஒன்று பெரிது, இரண்டு நடுத்தரம், மீதி இடம் நிரப்பும் சின்னவை.

5. ரிபீட்

ஒரு கட்டம் திரும்பத் திரும்ப அச்சாகி முழுத் துணியும் நிறைவதற்குத்தான் ரிபீட் என்று பெயர். கம்ப்யூட்டருக்கு முன் தாளில் ஒருமுறை செய்து பாருங்கள், புத்திக்குள் ஏறிவிடும்.

ஒரு சதுரத் தாளின் நடுவில் மட்டும் வரையுங்கள், எந்தக் கோடும் ஓரத்தைத் தொட வேண்டாம். தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி நான்கு துண்டாக்குங்கள். இடது மேல் துண்டை வலது கீழுக்கும், வலது மேல் துண்டை இடது கீழுக்குமாக மாற்றிப் பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். இப்போது நீங்கள் வரைந்தவை எல்லாம் நான்கு மூலைக்கும் போயிருக்கும், நடுவில் காலியிடம். அதை நிரப்புங்கள். இந்தத் தாளின் எந்த நகலைப் பக்கத்தில் வைத்தாலும் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டில் புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

நேர் வரிசையில் அடுக்கினால் கண் உடனே கட்டத்தைப் பிடித்துவிடும். அடுத்த பத்தியை அரைக் கட்டம் இறக்கி அடுக்கும் ஹாஃப் டிராப் முறையில் கொடி ஓடுவது போலத் தெரியும். அடம்பங்கொடிக்கு அதுதான் பொருத்தம். வலைக்கண்ணுக்கு ஹாஃப் டிராப்பே வேண்டாம், அது ஏற்கெனவே சாய்சதுரம்.

கம்ப்யூட்டரில் செய்ய இலவச மென்பொருளே போதும். கிரிட்டாவில் வரையும்போதே எட்டுப் பக்கமும் திரும்ப வந்து தெரியும் வசதி உண்டு. கோட்டு உருவத்துக்கு இங்க்ஸ்கேப். ரிபீட் முடிந்ததும் பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அருகில் தெரியாத சந்து, கோடு, வழுக்கைத் திட்டு எல்லாம் அங்கிருந்து தெரியும். என் முதல் ரிபீட்டில் குறுக்காக ஒரு வெள்ளை ஆறே ஓடியது.

6. பொருளுக்குப் பொருத்துவது

இங்கேதான் பலருக்குத் துணி வீணாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம், அதாவது ஏறக்குறைய 112 செ.மீ. ஐந்து மீட்டர் வாங்கினேன். ஒரு துண்டு 53 செ.மீ. என்று வைத்தால் அகலத்தில் இரண்டு, நீளத்தில் ஒன்பது, மொத்தம் பதினெட்டு. காகிதத்தில் சரியாக இருந்தது. துணியைத் தண்ணீரில் போட்டதும் நூற்றுக்கு ஐந்து சுருங்கியது. 500 செ.மீ. 475 ஆயிற்று, 112 ஏறக்குறைய 106 ஆயிற்று. இப்போது நீளத்தில் எட்டு வரிசைதான், அகலத்திலோ நெய்த ஓரத்தை வெட்டி எடுக்கவே இடமில்லை. துண்டை 52 செ.மீ. ஆக்கினேன். ஒன்பது வரிசை திரும்ப வந்தது, அகலத்தில் இரண்டு துண்டுக்கு 104 போக இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் மிச்சம். ஒரே ஒரு சென்டிமீட்டரில் ஒரு வரிசைக் கைக்குட்டை. ஆகவே முதலில் நனைத்துக் காயவைத்து அளந்துவிட்டுத்தான் டிசைனின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

52இல் ஓரம் சுருட்டி மடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் போக 50 மிஞ்சும். கரை 2.5 செ.மீ. என்றால் இரண்டு மூலைச் சதுரங்களுக்கு 5 போய் நடுவில் 45. கரையில் மிதவை உருவம் ஒன்று 2.5 செ.மீ. என்றால் சரியாகப் பதினெட்டு. மூலையில் பாதி மிதவை வெட்டுப்படாது. கரை போடுகிறவர்கள் இந்த வகுத்தல் கணக்கை வரைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அப்புறம், கைக்குட்டையை யாரும் விரித்து வைத்துப் பார்ப்பதில்லை. மூலைக்கு மூலை மடித்துக் கட்டும்போது நடுப்பகுதி மடிப்பில் மறைந்துவிடும். கழுத்தில் கட்டினால் ஒரு மூலை முதுகில் தெரியும், இரண்டு முனை முன்னால் தொங்கும். முக்கியமான உருவத்தை மூலையில் வையுங்கள், நடுவில் சின்ன ரிபீட் ஓடட்டும். சென்னைப் பக்கத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவரை போன மெட்ராஸ் கைக்குட்டைகளில் வெறும் கட்டம் போட்டே சமாளித்தார்கள். எந்தப் பக்கம் மடித்தாலும் கட்டம் கட்டம்தான்.

ஸ்டோலுக்குச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல், கரை, முந்தானை. போட்டுக்கொள்ளும்போது ஸ்டோல் நெடுக்காக மடிந்து கழுத்திலிருந்து ஒரு சாண் அகலப் பட்டையாகத்தான் தொங்கும். அதனால் உடலில் பெரிய உருவம் வீண். கீழே தொங்கும் இரண்டு முனையில்தான் கண் விழும், அங்கே ஜன்னல் வளைவுகளை வரிசையாக வைத்தேன். இன்னொன்று, தோளைத் தாண்டி வரும் முனைகளில் ஒன்று தலைகீழாக இருந்தால் அசிங்கம். இரண்டு முனையிலும் உருவத்தின் கால் துணியின் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

பைக்கு வருவோம். மேல் கீழ் உள்ள உருவம், அதாவது படகு, எழுத்து, வளைவு இருந்தால் முன்னும் பின்னும் தனித்தனித் துண்டாக வெட்டி அடியில் தைத்துச் சேருங்கள். அடித்தையல் வேண்டாம் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக இருக்கும் வலைக்கண், அடம்பிலை மாதிரி உருவங்களைப் போடுங்கள். மூன்றாவது வழியும் உண்டு. பை அளவுக்கே படத்தை அமைத்து, பின்பக்கத்தை அச்சிலேயே திருப்பி வைத்துவிடலாம். என் இரண்டாவது பை அப்படித்தான் வந்தது.

7. துணியும் அச்சு முறையும்

இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும், பிரிக்க முடியாது.

கைக்குட்டைக்கும் ஸ்டோலுக்கும் மல்மல் அல்லது மெல்லிய காட்டன். பைக்குக் கனமான கான்வாஸ். சிக்பேட்டையில் இரண்டும் கிடைக்கும். கடைக்காரரிடம் “பிரிண்டுக்கு வேணும்” என்று சொல்லிக் கஞ்சி நீக்கி வெளுத்த துணியாகக் கேளுங்கள். கஞ்சியோடு இருக்கும் காடாத் துணியில் சாயம் சீராக ஏறாது.

நூறு இருநூறு துண்டு, நிறம் இரண்டு மூன்று என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு ஸ்கிரீனுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று நிறத்துக்கு 1,800. அதைப் பதினெட்டு கைக்குட்டைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நூறு ரூபாய் ஸ்கிரீனுக்கே போகிறது. நூற்று எண்பதுக்குப் பிரித்தால் பத்து ரூபாய். பிக்மென்ட் சாயம் (இழைக்குள் போகாமல் மேலே ஒட்டி நிற்பது) என்றால் அச்சிட்ட பிறகு சூடேற்றிப் பதிய வைப்பார்கள், அதைச் சரியாகச் செய்யாவிட்டால் முதல் துவைப்பிலேயே தெரிந்துவிடும்.

பத்து மீட்டருக்குள் என்றால் டிஜிட்டல். காட்டனுக்கும் பட்டுக்கும் இழையோடு பிணைந்துவிடும் ரியாக்டிவ் சாயம் நல்லது. துணியை முன்கூட்டியே பதப்படுத்தி, அச்சிட்டு, ஆவியில் வேகவைத்து அலச வேண்டும். அதனால் நாளாகும், ஆனால் தொட்டால் துணி துணியாகவே இருக்கும். பிக்மென்ட் டிஜிட்டல் சீக்கிரம் முடியும், அடர்ந்த நிறம் மட்டும் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டும். சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் பாலியஸ்டருக்கு மட்டும். மலிவாகவும் பளிச்சென்றும் வரும், கழுத்தில் வேர்க்கும். அதைப் “பட்டு போல” என்று சொல்லி விற்பதை நான் செய்யமாட்டேன்.

வீட்டிலேயே ஆரம்பிக்க ஆசையா? லினோ தகட்டில் (செதுக்க எளிதான மெத்தென்ற தகடு) ஓர் இலையைச் செதுக்கி, துணிக்கான பெயிண்டில் தொட்டு அச்சிடுங்கள். காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி. ஒரே ஒரு அச்சுதான், ஆனால் உருவம் துணியில் எப்படி விழும் என்பது கைக்குப் பிடிபடும்.

8. ஃபைலும் சாம்பிளும்

ஃபைல் உண்மையான அளவில் இருக்கட்டும், 150 முதல் 300 டிபிஐ வரை (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு). ஸ்கிரீனுக்கு ஒவ்வொரு நிறத்தையும் தனி லேயரில் கறுப்பாகக் கொடுங்கள். அடுத்தடுத்த நிறங்கள் அரை மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். துணி கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளை தெரியாது.

ஃபைலின் ஓரத்தில் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் “இது 10 செ.மீ.” என்று எழுதிவிடுங்கள். ஓர் அச்சகத்தில் என் ஃபைல் துணி அகலத்துக்குப் பொருந்தும்படி தானாகச் சுருங்கிவிட்டது, நூற்றுக்கு நான்கு. யாரும் கவனிக்கவில்லை. பதினெட்டு மிதவைக் கரை வெட்டும் கோட்டுக்கு உள்ளேயே முடிந்துபோய், சுற்றிலும் ஒரு வெள்ளைச் சட்டம் தெரிந்தது. கோடு இருந்திருந்தால் ஸ்கேலை வைத்து அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

முழு ஆர்டருக்கு முன் அதே துணியில் ஒரு மீட்டர் சாம்பிள் கேளுங்கள். அவசரம் என்று சொல்லி இதைத் தாண்டச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். சாம்பிளை நூல்கண்டோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும், கடை டியூப்லைட்டில் வேண்டாம். பிறகு அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியோடு வெள்ளைத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்துத் துவையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் திருப்பி அனுப்புங்கள். இன்னொரு பாதியை ஈரத் துணியால் இருபது தடவை தேயுங்கள். வெள்ளைச் சட்டையின் மேல் போகப்போகிற பொருள் இது.

9. வெட்டு, தையல்

ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தைத்துக் கொடுப்பவர் மாஸ்டர் ஒருவர், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். என் துணியை முதல்முறை விரித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, டிசைன் நேரா இருக்கு, துணி கோணலா இருக்கே?” என்றார். அச்சிடும்போது துணி சற்றே இழுபட்டிருந்தது. அச்சுக்கோட்டைப் பார்த்து வெட்டினால் துவைத்த பிறகு பை முறுக்கிக்கொள்ளும், இழையைப் பார்த்து வெட்டினால் படம் சாயும். வெட்டும் முன் துணியை மூலைவிட்டமாக இரண்டு பேர் பிடித்து இழுத்து நேராக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். லேசான கோணலுக்கு அது போதும். அதிகம் என்றால் அச்சிட்டவரிடம்தான் பேச வேண்டும்.

ஸ்டோல் ஓரத்துக்கு மெஷினில் பீக்கோ அடித்தால் விலை குறையும். மெல்லிய துணிக்குக் கையால் சுருட்டித் தைப்பது அழகு, கூலி அதிகம். மல்மலில் பீக்கோ சில நேரம் ஓரத்தை அலை அலையாக இழுத்துவிடும், முதலில் ஒரு துண்டில் அடித்துப் பாருங்கள். பைக்கு உள்ளே லைனிங்கும் ஒரு சின்னப் பாக்கெட்டும் கட்டாயம். நகரத்தில் பையை வாங்குகிறவர்கள் முதலில் உள்ளே கைவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

10. விலையும் லேபிளும்

துணி, அச்சு, தையல், வீணானது, பொட்டலம், போக்குவரத்து, உங்கள் நேரம். கடைசியை எல்லோரும் மறக்கிறார்கள். பதினெட்டு வெட்டினால் பதினாறுதான் விற்கத் தகுந்ததாக வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். உறையில் அடைத்து விற்றால் அதிகபட்ச விலை, தயாரிப்பவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், அளவு, புகாருக்குத் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். துணியின் வகையையும் துவைக்கும் முறையையும் தமிழிலும் எழுதுங்கள். பெங்களூர்க் கண்காட்சிகளில் கன்னடம், ஆங்கிலம் நடுவே அதைப் பார்த்ததும் நின்று “நீங்க எந்த ஊர்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ‘தரங்கம்பாடியில் தயாரித்தது’ என்று எழுதாதீர்கள், பெங்களூரில் தைத்துவிட்டு. ஊரைப் பார்த்து வரைந்தது என்பதே போதும்.

கடைசிச் சோதனை, விற்பதற்கு முன் ஒரு பையை யாரிடமாவது ஒரு மாதம் கொடுப்பது. நான் இரண்டாவது பையை அத்தையிடம் கொடுத்தேன். இந்த முறை நான்கு படகும் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றன. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்ப சரி” என்றார். மூன்று வாரத்தில் போன் வந்தது. ரேஷன் அரிசி பத்து கிலோவைப் போட்டுத் தூக்கினாராம், ஒரு பக்கப் பட்டை கையோடு வந்துவிட்டதாம். அச்சில் ஒரு குறையும் இல்லை, தையலை மட்டும் பார்க்கச் சொன்னார். அதன் பிறகு பட்டை சேரும் இடத்தில் உள்ளே இன்னொரு கான்வாஸ் துண்டு வைத்து, சதுரமாகச் சுற்றித் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டு அடிக்கிறார் மாஸ்டர்.